நாற்பத்து மூன்று வாய்ச் சோறு

எனக்குக் கோபம் தலைக்கேறினால் எங்கள் வீட்டுப் பாஷை தானாக வாய்க்கு வந்துவிடும். சௌராஷ்டிரத்தில் திட்டினால் வார்டில் ஒருவருக்கும் புரியாது. அவர்களுக்கும் மனக்கஷ்டம் இல்லை, எனக்கும் வயிற்றெரிச்சல் தீரும். பதினொரு வருட நர்ஸ் வேலையில் இந்த வசதி என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் பாஷையில் இருந்த வசவெல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் நான் தமிழுக்கே திரும்ப வேண்டியிருந்தது.

"பருத்திப்பால் குடுத்தது யாரு?" என்று கத்தினேன்.

ஏழாம் நம்பர் கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கட்டிலில் பச்சை ஆபரேஷன் உடுப்போடு உட்கார்ந்திருந்த ஒச்சாயி அக்கா மட்டும் பெருமையாக நிமிர்ந்தார்.

"எங்க மதினிதான் சிஸ்டர். பெரிய தம்ளர்ல குடுத்துச்சு. சுக்கெல்லாம் தட்டிப் போட்டு."

"ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னு கட்டில்லயே போர்டு மாட்டியிருக்கேன்ல?"

மதினி முன்னால் வந்தார். "போன வாரம் இட்லி குடுத்தோம், வேணாம்னீங்க. சரின்னுட்டு இந்த வாரம் பால் மட்டும் குடுத்தோம். பால் எப்படி சிஸ்டர் சாப்பாடாகும்?"

காலித் தம்ளரைப் பிடுங்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.

எங்கள் அரசு ஆஸ்பத்திரி மதுரைக்கும் உசிலம்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். கதை படிக்கிற மேலதிகாரிகளும் உண்டு. எங்களிடம் ஒரு ஆபரேஷன் மேஜை இருக்கிறது. ஆபரேஷன் செய்ய பவதாரிணி டாக்டர் இருக்கிறார். என்னைவிட ஆறு வயது சின்னவர், கை அவ்வளவு சுத்தம். மயக்க ஊசி போடும் செல்வக்குமார் டாக்டர் மட்டும் நாலு ஆஸ்பத்திரிக்கும் பொது. எங்கள் பங்குக்குச் செவ்வாய்க்கிழமை காலை எட்டிலிருந்து பதினொன்று வரை வருவார். அந்த மூன்று மணி நேரத்துக்காகச் சுற்றுப்பட்டு ஊர்களில் வயிறுகள் வரிசையில் காத்திருக்கும்.

ஒச்சாயி அக்காவின் வயிற்றில் இருந்தது கர்ப்பப்பைக் கட்டி. தேங்காய் அளவு. ஒன்றரை வருடமாக ரத்தப்போக்கு. காப்பீட்டு அட்டை இருந்தால் மதுரையில் எந்தத் தனியார் ஆஸ்பத்திரியிலும் போய்ப் படுத்திருக்கலாம். அட்டைக்குக் கைரேகை வைக்க வேண்டும். முப்பது வருடம் செங்கல் காளவாசலில் கல் அறுத்ததில் அக்காவின் ரேகைகள் எல்லாம் தேய்ந்துபோயிருந்தன. முகாமில் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள், மெஷின் ஒன்றையும் ஏற்கவில்லை. "கால் விரலையும் வச்சுப் பாக்கட்டுமா சார்?" என்று அக்கா கேட்டாராம். ஆக, அவருக்கு நாங்கள்தான் கதி. எங்களுக்குச் செவ்வாய்க்கிழமைதான் கதி.

மூன்றாவதாக ஒரு கதியும் இருந்தது, அது அவருடைய சொந்தபந்தம். ஒரு குட்டியானை வண்டியிலும் இரண்டு ஷேர் ஆட்டோவிலுமாக வந்து இறங்கிய நாற்பத்து மூன்று பேர். ஒரு நோயாளிக்கு ஒரு துணை என்று வாசலில் எழுதியிருக்கிறது. அந்த எழுத்தின் கீழேதான் வட்டமாக உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள். துபாய்க்குப் போகிறவனானாலும் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையானாலும், வெறும் வயிற்றோடு ஒருத்தரை அனுப்புவது அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஆளுக்கு ஒரு வாய் ஊட்டித்தான் வழியனுப்புவார்கள். ஆபரேஷன் அறையைவிடப் பெரிய பயணம் எது?

வயிற்றில் ஆகாரம் இருந்து மயக்கத்தில் வாந்தி வந்தால் அது நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்து என்று படம் போட்டு விளக்கினேன். "ஆமா சிஸ்டர், ஆமா சிஸ்டர்" என்று நாற்பத்து மூன்று தலைகளும் ஆடின. ஆடிய கையோடு போய் ஊட்டினார்கள்.

போதாக்குறைக்கு ஒச்சாயி அக்காவுக்குப் பொய் வராது. முதல் செவ்வாயன்று செல்வக்குமார் டாக்டர், "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டதும், பின்னாலிருந்து மதினி கண்ணைச் சிமிட்டச் சிமிட்ட, "நாலு இட்லி சார், கெட்டிச் சட்னி" என்றார். இரண்டாவது செவ்வாய் பருத்திப்பால். டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

அன்று பவதாரிணி டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். "சிஸ்டர், அடுத்த செவ்வாய் விட்டா செல்வக்குமார் சார் ரெண்டு மாசம் ட்ரெய்னிங் போறார். பதிலுக்கு ஆள் போடுவாங்களான்னு தெரியாது. மதுரைக்கு அனுப்பினாலும் நம்மள மாதிரி இருபது ஊர் அனுப்பின கூட்டம் அங்க முன்னாடி நிக்கும். ரெண்டு பாட்டில் ரத்தம் ஏத்தித்தான் இந்த அளவுக்கு நிறுத்தி வச்சிருக்கோம். ரெண்டு மாசம் இவங்க தாங்க மாட்டாங்க."

வெள்ளந்தியான சனங்கள் மேல் கோபப்பட்டு என்ன செய்ய? அன்பால்தான் அந்த அம்மாவைக் கொன்றுகொண்டிருந்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் அக்காவின் அண்ணன் சோணைமுத்து தனியாக உட்கார்ந்திருந்தார். அவர்கள் குலசாமிக்குப் பூசாரி. மீசையும் தோள்துண்டுமாகப் பெரிய ஆள். சமாதானமாகப் பேசலாம் என்று ஒரு டீ வாங்கி நீட்டினேன். கையெடுத்துக் கும்பிட்டார்.

"வேணாம் தாயி. சாமிக்குக் காப்புக் கட்டியிருக்கேன். திருவிழா முடியிற வரைக்கும் பகல்ல பச்சத்தண்ணி பல்லுல படாது."

மணிக்கட்டில் மஞ்சள் கயிறும், அதில் முடிந்த மஞ்சள் துண்டும் இருந்தன. பக்கத்தில் மதினி முறுக்குப் பொட்டலம் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார். சோணைமுத்துப் பக்கம் மட்டும் கை போகவே இல்லை. யாரும் யாருக்கும் படம் போட்டு விளக்கவில்லை. கயிறு இருந்தது, அவ்வளவுதான்.

எனக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. "அண்ணே, அதே காப்ப உங்க தங்கச்சிக்கும் கட்டுவீங்களா?" என்றேன்.

அடுத்த திங்கள்கிழமை மாலை எங்கள் ஆஸ்பத்திரியில் நடந்தது எந்த அரசாணையிலும் கிடையாது. காப்புக் கட்டினால் பூசாரியைத் தவிர யாரும் எல்லை தாண்டக் கூடாது, எனவே முதலில் எல்லை வேண்டும் என்றார் சோணைமுத்து. மஞ்சள் தண்ணீர்ச் செம்பும் வேப்பிலையுமாகக் காம்பவுண்டுச் சுவரைச் சுற்றி வந்தார். பின்னால் நாற்பத்திரண்டு பேர், அதற்குப் பின்னால் வாட்ச்மேன், கடைசியில் என்னதான் நடக்கிறது என்று பார்க்கக் கையில் குளுக்கோஸ் ஊசியோடு எழுந்து வந்த மூன்றாம் நம்பர் கட்டில். பவதாரிணி டாக்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"சிஸ்டர், இது எந்த ப்ரோட்டோகால்ல வருது?"

"எதுலயும் வராது டாக்டர். ஆனா வேலை செய்யும்."

செய்தது! ஒச்சாயி அக்காவின் இடது மணிக்கட்டில் கயிறு ஏறிய நிமிடத்திலிருந்து அந்தக் கட்டில் பக்கம் ஒரு தூக்குவாளி நெருங்கவில்லை. அது மட்டுமா? எல்லைக்குள் செருப்புப் போடக் கூடாது என்று வாசலில் செருப்பெல்லாம் வரிசைகட்டின. எச்சில் துப்பக் கூடாது என்று மாடிப்படி மூலை ஒரு ராத்திரி முழுக்கச் சிவக்காமல் இருந்தது. பதினொரு வருடமாக நான் எழுதி ஒட்டிய நோட்டீஸ்களை நினைத்தேன். ஒரு மஞ்சள் கயிறு போதும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

செவ்வாய் காலை ஆபரேஷன் அறை வாசலில் செல்வக்குமார் டாக்டர் வழக்கமான சந்தேகத்தோடு குனிந்தார். "என்னம்மா, இன்னிக்கு என்ன சாப்பாடு?"

"பச்சத்தண்ணி பல்லுல படல சார்."

எனக்கு ஆடவேண்டும் போலிருந்தது. டாக்டரும் சிரித்தார். சிரித்தபடியே கையைப் பார்த்தார். "சரி. அந்தக் கயித்தக் கழட்டிட்டு உள்ள கூட்டிட்டு வாங்க."

நான் அப்படியே நின்றேன். கயிறு, வளையல், தாலி, எதுவும் உள்ளே போகக் கூடாது. பதினொரு வருடமாக அந்த விதியை எல்லோருக்கும் சொல்கிறவள் நான்தான்! கயிறு கட்டுகிற சந்தோஷத்தில் அது எனக்கு மறந்தே போயிற்று.

ஒச்சாயி அக்கா கையை மார்போடு சேர்த்துக்கொண்டார். "அவுக்க மாட்டேன் சிஸ்டர். பாதில அவுத்தா சாமி குத்தம். எனக்குன்னா பரவால்ல, வெளிய நிக்கிற அம்புட்டுப் பேருக்கும்ல ஆகாது. என்னைய வீட்டுக்கு அனுப்பிருங்க."

மேலே துணி சுற்றிவிடலாமா என்று கெஞ்சினேன். ஊசி ஏற்றுகிற கையில் மஞ்சள் ஊறிய ஈரக் கயிறு இருக்க முடியாது என்றார் டாக்டர். மணி ஒன்பதே கால். "பத்துக்குள்ள மேஜைக்கு வந்தா செய்றேன். பதினோரு மணிக்கு டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு பிரசவ கேஸ் இருக்கு" என்றார்.

வேப்பமரத்துக்கு ஓடினேன். சோணைமுத்து விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடி யோசித்தார். எனக்கு அவர் மீசையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"அவுக்க முடியாது தாயி. மாத்திக் கட்டலாம். வேற ஆளு வாங்கிக்கிட்டா, தங்கச்சி முத வாய்ச் சோறு திங்கிற வரைக்கும் அந்த ஆளு வெரதம் இருக்கணும், எல்லையும் தாண்டக் கூடாது."

"அப்ப நீங்களே வாங்கிக்கங்க அண்ணே!"

"என் கையில ஒண்ணு கெடக்கு. ஒரு ஆளுக்கு ரெண்டு காப்பு ஆகாது."

மற்ற நாற்பத்திரண்டு பேரையும் பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டார்கள். காலையிலிருந்து வயிற்றில் எதுவும் போகாதவராக இருக்க வேண்டுமாம். ஒச்சாயியால் சாப்பிட முடியாத ஏக்கத்தில் எல்லோரும் எல்லைக்கு வெளியே போய் வாசல் கடையில் பூரி சாப்பிட்டிருந்தார்கள். மதினி இரண்டு செட்.

சோணைமுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க சாப்ட்டீகளா சிஸ்டர்?"

ஒரு நாளைக்கு நூறு பேரிடம் நான் கேட்கிற கேள்வி. என்னிடம் அதை யாரும் கேட்டதில்லை. காலை ஐந்தரைக்கு நாகமலை புதுக்கோட்டையில் பஸ் ஏறியவள். பையில் என் கணவர் சாய்பிரசாத் சுட்டுக் கொடுத்த முள்ளுமுருங்கை வடை ஆறு, தொடப்படாமல் இருந்தது. சாப்பிட்டேன் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் தள்ளுவண்டியில் கையை மார்போடு கட்டிக்கொண்டு கிடக்கிற அந்த அம்மாவுக்கு, உயிரே போனாலும் நாலு இட்லியை மறைக்கத் தெரியவில்லை.

"இல்லண்ணே" என்றேன்.

ஒன்பது நாற்பதுக்குக் கயிறு கை மாறியது. "தண்ணி மட்டும் குடிச்சுக்கங்க தாயி. நீங்க எங்க சாமிக்குப் புதுசுல்ல, கொஞ்சம் எறங்கி வரும்" என்று சோணைமுத்து சலுகை கொடுத்தார். ஒன்பது ஐம்பதுக்கு ஒச்சாயி அக்கா மேஜையில் இருந்தார். பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பவதாரிணி டாக்டர் வெளியே வந்து, இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு தேங்காயை உருட்டிக் காட்டினார். வேப்பமரத்தடியில் எழுந்த குலவைச் சத்தத்தில் எதிர்க்கடைப் பூரி மாஸ்டர் கரண்டியோடு ஓடிவந்தார்.

அதற்குப் பிறகுதான் என் கஷ்டகாலம். வயிற்றைத் திறந்து செய்த ஆபரேஷனுக்குப் பிறகு குடல் தூங்கிக் கிடக்கும். அது விழித்துக்கொண்டதற்கு அடையாளம், நோயாளிக்குக் கீழே காற்றுப் பிரிவது. அது வரைக்கும் எங்கள் டாக்டர் ஒரு மிடறு கஞ்சி கூடக் கொடுக்க விடமாட்டார். ஒச்சாயி அக்காவுக்குக் காற்றுப் பிரிந்தால்தான் கஞ்சி. கஞ்சி குடித்தால்தான் எனக்குக் காப்பு இறங்கும். என் சாப்பாடு எங்கே போய் மாட்டியிருக்கிறது பாருங்கள்!

மாலையில் சாய்பிரசாத் போன் செய்தார். "ஏன் இன்னும் வரல?"

"எல்லை தாண்டக் கூடாது."

"என்ன எல்லை?"

"காத்துப் பிரியணும்" என்றேன். அவர், "வடை சாப்பிட்டியா?" என்று கேட்டார். வடையை வாட்ச்மேன் சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்று சொல்லியிருந்தார்.

இன்னொரு நர்சுக்குப் பதிலாக நைட் டியூட்டியையும் எழுதிக்கொண்டு அங்கேயே தங்கினேன். புதன்கிழமை விடிந்தது. ஆறரைக்குப் போய், "காத்துப் பிரிஞ்சுதா அக்கா?" என்றேன். "இல்ல சிஸ்டர்." எட்டு மணிக்கும் இல்லை. பத்து மணிக்கும் இல்லை. விடிவதற்குள்ளேயே நாற்பத்து மூன்று பேருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். தேர்தல் முடிவுக்குக்கூட அந்த ஊரில் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

"ஏத்தா ஒச்சாயி, இன்னுமா வரல?" என்று சோணைமுத்து கம்பி வழியே கேட்டார்.

"நல்லா முக்கிப் பாருத்தா" என்றது வேறொரு குரல்.

அக்கா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். பசியில் எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பவதாரிணி டாக்டர் வயிற்றில் ஸ்டெதஸ்கோப் வைத்தார். "நல்லா சத்தம் கேக்குதே சிஸ்டர். பிரிஞ்சிருக்கணுமே!" அக்காவைப் பார்த்தார். போர்வைக்குள்ளிருந்து, "இல்ல டாக்டரம்மா" என்று மட்டும் வந்தது.

ஒன்றரை மணிக்கு அக்காவுக்கு மருந்து பாட்டில் மாற்றக் கையைத் தூக்கினேன். கண் முன்னால் மஞ்சளாகப் பூச்சி பறந்தது. அடுத்து எனக்குத் தெரிந்தது, நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், மாட்டாத பாட்டில் மடியில் கிடந்தது.

"சிஸ்டர்!" போர்வை விலகியது. ஒச்சாயி அக்கா கட்டிலில் ஒருக்களித்து எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், மணிக்கட்டில் கிடந்த கயிற்றைப் பார்த்தார், ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்ற அண்ணன், மச்சினன், மாமன் முறை, மருமகன் முறை அத்தனை பேரையும் பார்த்தார். பிறகு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு காளவாசல் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினார்.

"பிரிஞ்சிருச்சு சிஸ்டர்! காலைல ஆறு மணிக்கே பிரிஞ்சிருச்சு! ஆம்பளைக அம்புட்டுப் பேரும் சன்னல்ல நிக்கவும் வெக்கப்பட்டுப் பொய் சொல்லிட்டேன். ரெண்டு தடவ பிரிஞ்சிருச்சு!"

மதினி நாக்கைச் சுழற்றிக் குலவையைத் தொடங்கினார். ஜன்னலில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். சோணைமுத்து தோள்துண்டை உயரே வீசினார். மூன்றாம் நம்பர் கட்டில் கை தட்டினார். நான் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தேன், சிரித்து முடிக்க முடியாமல் அழுதேன். நாலு இட்லியை மறைக்கத் தெரியாதவர், வெட்கத்துக்காக வாழ்நாளில் முதல் பொய்யைச் சொல்லியிருக்கிறார். எனக்காக அந்த வெட்கத்தையும் விட்டுவிட்டார்.

பவதாரிணி டாக்டர் தலையசைத்தார். கஞ்சித்தண்ணீர் வந்தது. மூன்று கரண்டி இறங்கியதும் சோணைமுத்து உள்ளே வந்து என் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் பின்னால் வார்டு வாசலில் ஏதோ நகர்கிற சத்தம் கேட்டது. திரும்பினேன். மற்ற நாற்பத்திரண்டு பேரும், ஒருவர் பின் ஒருவராக, வெறுங்காலோடு, அண்டாவில் புளிச்சோறோடு நின்றார்கள்.

"ஒரு நோயாளிக்கு ஒரு துணைதான்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நோயாளிய யாரு பாக்க வந்தா?" என்றார் மதினி.

டாக்டரைப் பார்த்தேன். அவர் திடீரென்று சுவரிலிருந்த காலண்டரை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"மொத வாய் நாந்தான்" என்றார் ஒச்சாயி அக்கா. மதினி அண்டாவைக் கட்டிலோரம் கொண்டுபோனார். அக்கா ஊசி ஏறாத கையால் ஒரு உருண்டை பிடித்து நீட்டினார். மெஷின் ஏற்றுக்கொள்ளாத அந்த விரல்கள் என் உதட்டருகில் வந்து நின்றன, வழவழவென்று, ஒரு கோடு கூட இல்லாமல்.

"ஒரு வாய்தான் தாயி. வேணாம்னு சொல்லிறாத."

மூன்று வாரமாக இப்படி ஊட்ட வந்த கைகளைத்தான் நான் தடுத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தேன்.